கல்லில் வெட்டிய ‘குடு’

“மேடம், இதுல தப்பா வெட்டியிருக்காங்க.”

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில், அதிட்டானம் என்னும் அடித்தளத்துக் கல்வெட்டு வரிசைக்கு ஒரு சாண் தள்ளி விரலை நீட்டியபடி ஒரு மாணவன் சொன்னான். மாசி மாத வெயில். செருப்பில்லாத கால் தளத்தில் பாவவில்லை. நிழல் விழுந்த பக்கமாக எல்லோரும் ஒதுங்கி நின்றோம். கையில் கல்வெட்டின் அச்சுப் பாடம், ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியிலிருந்து நகல் எடுத்தது. சோழர் கால எழுத்தைத் தடையில்லாமல் படிக்க அவர்களால் முடியாது. ஆனால் அச்சுப் பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பொருத்திப் பார்த்தால் ட, ப, ம எல்லாம் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிடும். அப்படிப் பொருத்திக்கொண்டே வந்தவன் ‘குடுத்தனவும்’ என்ற சொல்லில் நின்றுவிட்டான்.

“கொடுத்தனவும்னுதானே வரணும்?”

ராஜராஜன், தான் இந்தக் கோயிலுக்கு அளித்தவை, தன் அக்கன் அளித்தவை, பெண்டுகள் அளித்தவை, மற்றவர்கள் அளித்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன ஆணை அது. அக்கன் என்றால் குந்தவை. ‘நாம் குடுத்தனவும்’, ‘அக்கன் குடுத்தனவும்’, ‘குடுத்தார் குடுத்தனவும்’ என்று ஒவ்வொரு இடத்திலும் ‘குடு’தான். ஒரு இடத்தில் உளி தவறியிருக்கலாம். இத்தனை இடத்தில் தவறாது.

பின்னால் நின்ற ஒரு பெண் விடவில்லை. “அந்தக் காலத்துல ‘கொ’ எழுத்து இல்லாம இருந்திருக்கும் மேடம்.” நல்ல கேள்வி. கல்வெட்டில் குறில் ஒகரத்துக்கும் நெடில் ஓகாரத்துக்கும் தனித்தனி அடையாளம் இருக்காது, புள்ளி பெரும்பாலும் இருக்காது. ஆனால் கொம்பும் காலும் போட்டு எழுதும் ‘கொ’ உண்டு. இதே கல்வெட்டின் தொடக்கத்தில் வரும், அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் ‘தண்டால் கொண்ட’ என்று இருக்கிறது. தேடிக் கண்டுபிடித்தோம். ‘கொ’ எழுதத் தெரிந்த கைதான் ‘குடு’ என்று எழுதியிருக்கிறது.

அந்த ஒரே கல்வெட்டில் இரண்டு தமிழ் இருக்கிறது. ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி செய்யுள் நடை. அது முடிந்து, யார் என்ன கொடுத்தார் என்ற கணக்கு ஆரம்பித்ததும் பேச்சு உள்ளே வந்துவிடுகிறது. கோயில் கட்டி முடிந்தது 1010இல். ஆயிரம் வருடத்துக்கு மேலாக அந்தக் ‘குடு’ அங்கேயே இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, “சார், சாக்பீஸ் குடுங்க” என்று கேட்டதற்கு முட்டி போட்டிருக்கிறேன். “கொடுங்கள்னு சொல்லு, அப்பதான் குடுப்பேன்” என்றார் அவர். திருத்தியவர் வாயிலும் ‘குடு’தான் வந்தது. வகுப்பில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, நான் உட்பட. எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் வீட்டில் எல்லோரும் தப்பாகப் பேசுகிறார்கள் என்பதுதான். அன்று சாயங்காலம் எங்கள் அப்பாயி பேசியதை ஒவ்வொரு சொல்லாகக் கவனித்தேன். அது வரைக்கும் அவர் பேச்சை நான் பேச்சாகக் கேட்டதே இல்லை, அப்பாயியாகத்தான் கேட்டிருந்தேன்.

நான் ஆங்கிலத் துறையில் பாடம் நடத்துகிறேன். ஆராய்ச்சி பயன்பாட்டு மொழியியலில்: ஒருவர் பேசும் விதத்துக்கும், அவர் தன்னை யார் என்று நினைக்கிறார், மற்றவர்கள் அவரை யார் என்று நினைக்கிறார்கள் என்பதற்கும் உள்ள தொடர்பு. ஊர் நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. மூணாறு தலைப்பு என்போம். வகுப்புக்கு வரும் பிள்ளைகள் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், வலங்கைமான் என்று நாலா பக்கமிருந்தும் பஸ்ஸில் வருகிறார்கள். பாதிக்கு மேல் அவர்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். 1991இல் நாகப்பட்டினம், 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை என்று மாவட்டங்கள் பிரிந்துகொண்டே போனாலும் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னமும் எல்லாமே தஞ்சாவூர் ஜில்லாதான். பிள்ளைகள் தங்களை ‘டெல்டா’ என்கிறார்கள். மீத்தேன், ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டங்களின்போது அந்தச் சொல் சட்டையில் ஏறியது, பைக் நம்பர் பலகையில் ஏறியது. கிரேக்க எழுத்தின் பெயர் ஒன்று மன்னார்குடிப் பையனுக்குச் சொந்த ஊர்ப் பெயராகிவிட்டதை நான் மிகுந்த அக்கறையோடு பார்க்கிறேன். அடையாளம் இப்படித்தான் உண்டாகிறது, கண் முன்னாலேயே.

முதல் பருவத்தில் நான் செய்யும் ஒரு பாடத்தைச் சொல்ல வேண்டும். கரும்பலகையில் இரண்டு பத்தி எழுதுவேன். இடப்பக்கம் பெண், பெட்டி, பிள்ளை, பிடி, பிழைப்பு, மிளகு, விழு, விடு, வீடு. வலப்பக்கம் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு அவர்களையே எழுதச் சொல்வேன். பொண்ணு, பொட்டி, புள்ள, புடி, பொழப்பு, மொளகு, வுழு, வுடு, வூடு. முதலில் சிரிப்பு வரும். ‘வூடு’ எழுத யாரும் எழுந்து வரமாட்டார்கள். ஒரு பையனைப் பிடித்துத் தள்ளிவிடுவார்கள்.

அப்புறம் இன்னொரு பட்டியல்: மீன், பெரிய, வெல்லம், விதை. மீன் ஏன் மூன் ஆகவில்லை? பெரிய என்பது ஏன் பொரிய ஆகவில்லை? விதை வெத ஆகிறது, ஆனால் வொத ஆகவில்லையே, ஏன்? வகுப்பு அமைதியாகிவிடும். வாயைத் திறந்து திறந்து சொல்லிப் பார்ப்பார்கள். உதட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். அரை மணி நேரம் ஆகும். ஒருமுறை வலங்கைமான் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, “மேடம், முன்னாடி உதடு வேல செய்யிது, பின்னாடி நாக்கு மடங்குது. நடுவுல மாட்டுனா மட்டும் மாறுது” என்றான்.

அதேதான். ப, ம, வ முன்னால் வந்து, ட, ண, ள, ழ பின்னால் வந்தால், நடுவில் நிற்கும் இகரமும் எகரமும் உகரமாக, ஒகரமாக உருள்கின்றன. மீனில் பின்னால் வருவது ன. அங்கே நாக்கு மடங்காது. அதனால் மீன் மீனாகவே இருக்கிறது. இது பேசுகிறவர்களின் சோம்பேறித்தனத்தால் வந்ததென்றால் மீனையும் கெடுத்திருக்க வேண்டுமே! விதி இருக்கிறது. அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் மூன்று வயதில் கற்றிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் என் குரல் கொஞ்சம் மாறிப்போகும்.

“அப்ப வெள்ளிக்கிழமை ஏன் வொள்ளிக்கிழமை ஆகல?” என்று ஒருத்தி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, வீட்டில் போய்க் கேட்டுவரச் சொன்னேன். மறுநாள் வெள்ளி, வெள்ளம், வெளி, விளக்கு என்று ஒரு பட்டியலோடு வந்தார்கள். ‘வ’வுக்கும் ‘ள’வுக்கும் நடுவில் விதி தயங்குகிறது. அதையும் பலகையில் எழுதி வைத்தோம். தங்கள் வாயிலிருந்து தாங்களே எடுத்த இலக்கணம் அது.

சரி, இதில் எனக்கு முக்கியமானது வேறு. ‘பொண்ணு’ என்று யார் சொன்னாலும் சிரிப்பதில்லை. சினிமாவில் வருகிறது, மேடையில் வருகிறது, படித்தவர், படிக்காதவர் எல்லோரும் சொல்கிறோம். ‘வூடு’ என்றால் சிரிப்பு. இரண்டும் ஒரே விதியில் பிறந்தவை. ஒன்று எல்லார் வாயிலும் ஏறிவிட்டது, இன்னொன்று சிலர் வாயிலேயே நின்றுவிட்டது. அந்தச் சிலர் யார் என்பதால்தான் சிரிப்பு. ஒலியில் குறையே இல்லை.

1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் இரட்டை வழக்கு பற்றி எழுதினார். ஒரே மொழியில் எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வழக்கு, வீட்டுக்கும் தெருவுக்கும் ஒன்று. அவர் எடுத்துக்கொண்டவை அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தியின் கிரியோல். தமிழ் அதற்கு எவ்வளவு பொருந்தும் என்பது படித்த யாருக்கும் உடனே தெரியும். அவர் சொன்னதில் ஒன்றை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: மேல் வழக்கு யாருக்கும் தாய்ப்பால் மொழி இல்லை. எழுத்துத் தமிழைத் தொட்டிலில் யாரும் கேட்பதில்லை, எல்லோரும் பள்ளிக்கூடத்தில்தான் கற்கிறோம். அந்த வகையில் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறோம். ஆனால் பேச்சில் அப்படி இல்லை. சிலர் வீட்டுப் பேச்சு டிவியில் வரும் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிலர் வீட்டுப் பேச்சு தூரத்தில் இருக்கிறது.

காது எப்படி வேலை செய்கிறது என்று காட்ட ஒரு பயிற்சி உண்டு. 1960வாக்கில் கனடாவின் மான்ட்ரியலில் வாலஸ் லாம்பர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் செய்தது. இரண்டு மொழியும் நன்றாகப் பேசும் ஒருவரையே ஒருமுறை ஆங்கிலத்திலும் ஒருமுறை பிரெஞ்சிலும் பேசவைத்துப் பதிவு செய்து, இருவர் பேசுவதாகச் சொல்லிக் கேட்பவர்களிடம் போட்டார்கள். இவர் எப்படிப்பட்டவர், கெட்டிக்காரரா, நம்பத்தக்கவரா என்று கேட்டார்கள். குரல் ஒன்றுதான், மதிப்பு மட்டும் மொழிக்கு மொழி மாறியது. பிரெஞ்சு பேசுபவர்களே பிரெஞ்சுக் குரலுக்குக் குறைத்து மதிப்பிட்டார்கள். அதுதான் நெஞ்சில் தைக்கும் இடம்.

நான் இதைத் தமிழுக்குள்ளேயே செய்தேன். மாணவி ஒருத்தி, அவள் ஊருக்கு வரும் பஸ் நின்றுபோனதைப் பற்றி, ஒருமுறை ஊர்ப் பேச்சில், ஒருமுறை செய்தி வாசிக்கும் தமிழில், ஒருமுறை ஆங்கிலம் கலந்து பேசினாள். செல்போனில் பதிவு செய்து பக்கத்து வகுப்பில் போட்டோம். முதல் குரலுக்கு “வயக்காட்டு வேலைக்குப் போற அக்கா”, “பாவம், படிக்காதவங்க” என்று எழுதினார்கள். மூன்றாவது குரலுக்கு “பேங்க் மேடம்” என்று எழுதினார்கள். எழுதியவர்களின் அம்மாக்கள் முதல் குரலில்தான் பேசுகிறவர்கள். மூன்றும் ஒருத்திதான் என்று சொன்னதும் அந்த வகுப்பில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேசிய பெண் மட்டும் அந்தச் சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஒலியை வைத்து ஒருவர் தன் ஊரை இறுகப் பிடித்துக்கொள்வதும் உண்டு. 1963இல் வில்லியம் லபோவ் அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவைப் பற்றி எழுதினார். கோடைக்கு வந்து குவியும் வெளியூர்க்காரர்களுக்கு நடுவே, மீன்பிடித்துப் பிழைக்கும் தீவுக்காரர்கள் சில உயிரொலிகளைப் பழைய விதமாகவே, இன்னும் அழுத்தமாகவே சொன்னார்கள். தீவிலேயே இருந்துவிட நினைத்த இளைஞர்களிடம் அது கூடுதலாக இருந்தது. கிளம்பிவிட நினைத்தவர்களிடம் குறைவு. இதைப் படித்த நாளிலிருந்து என் மாணவர்களை அந்தக் காதோடு கேட்கிறேன். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போக ஏஜெண்டிடம் பாஸ்போர்ட் கொடுத்துவைத்திருக்கும் பையன் இரண்டாம் வருடத்திலேயே ‘வீடு’க்கு மாறிவிடுகிறான். ஜூன் 12க்கு மேட்டூர் திறக்குமா, குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று கணக்குப் போடுகிற பையன், ஆறு மா நிலத்தை விடமாட்டேன் என்கிற பையன், என் எதிரிலேயே “வூட்டுக்குப் போயிட்டு வந்துடுறேன் மேடம்” என்று நிமிர்ந்து சொல்கிறான். இதை நான் எண்ணிக்கையாகச் சொல்லவில்லை. பல வருடம் வாசலில் நின்று கேட்டதைச் சொல்கிறேன்.

டெல்டாவில் தமிழ் மட்டும் இருக்கிறது என்று நினைப்பவர்கள் கும்பகோணத்தில் ஒரு தெரு நடந்து பார்க்க வேண்டும். பட்டு நெசவு செய்யும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலில் ஒரு மொழி என்று பல தலைமுறையாக வாழ்கின்றன. அந்த மொழிக்குத் தனி எழுத்து உண்டு. 2008இல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை என்னிடம், “எழுத்து இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன் மேடம்” என்றுதான் சொன்னாள். நாங்கள் ‘குடு’ படித்த அதே கோயில் வளாகத்தில், தஞ்சை மராத்திய மன்னர் சரபோஜி 1803இல் வெட்டவைத்த, அவருடைய போன்சலே வம்சத்தின் வரலாறு மராத்தியில் நீளமாக இருக்கிறது. திருவையாற்றில் இருந்த தியாகராஜர் பாடியது தெலுங்கில். இந்த மண்ணில் யாருக்கும் ஒற்றை மொழி போதவில்லை.

கூத்தாநல்லூர் மாணவிகள் வகுப்புக்கு வந்த புதிதில் தங்கள் வீட்டுச் சொற்களை மறைப்பார்கள். ‘ஆணம்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு ‘குழம்பு’ என்பார்கள். ‘பசியாறிட்டீங்களா’ என்று கேட்க வந்து ‘டிபன் சாப்டீங்களா’ என்பார்கள். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பசியாறுதல், ஆணம் என்று பலகையில் எழுதி, “இதுல எது வெளியிலிருந்து வந்த சொல்?” என்று கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. எல்லாம் தமிழ். இதே வீடுகளின் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி ‘அர்வி’ என்று ஒரு நூல்மரபே வைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு பெண், “மேடம், பசியாறிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். “ஆறிட்டேம்மா” என்றேன்.

இனி ஆங்கிலம். நான் சம்பளம் வாங்குவது அதற்குத்தான். ஆங்கில வகுப்பில் எங்கள் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்பது ஆசிரியர் அறையில் தினமும் கேட்கிற குறை. ஆர்வம் இல்லை என்று முடித்துவிடுவார்கள். நானும் முதல் சில வருடம் அப்படித்தான் நினைத்தேன், அதற்காக இப்போதும் வருத்தப்படுகிறேன். கனடாவுக்குக் குடியேறிய 5 பெண்களைப் பல மாதம் பின்தொடர்ந்து போனி நார்ட்டன் செய்த ஆராய்ச்சிதான் என் பார்வையை மாற்றியது. அந்தப் பெண்களுக்கு ஆங்கிலம் கற்கும் ஆசை நிறைய இருந்தது. ஆனாலும் சில இடங்களில் அவர்கள் பேசவில்லை. அங்கே தங்களை யாராக வைத்துப் பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆர்வம் என்பதற்குப் பதிலாக நார்ட்டன் ‘முதலீடு’ என்ற சொல்லை வைத்தார். மாணவர் ஒரு மொழியில் எதைப் போடுகிறார், எதைத் திரும்ப எதிர்பார்க்கிறார், போட்டதை அந்த இடம் மதிக்கிறதா என்பது கேள்வி.

எங்கள் வகுப்பில் வாய்மூடி இருக்கும் பையன் விடுதியில் ஆங்கிலப் பாட்டு பாடுகிறான். வகுப்பில் பேசினால், தப்பு வந்தால் ஆசிரியர் சிரிப்பார், சரியாக வந்தால் நண்பர்கள் சிரிப்பார்கள். “பெரிய துரைன்னு நெனப்பு” என்பார்கள். இரண்டு பக்கமும் அடி. யாழ்ப்பாணத்தில் பாடம் நடத்திய சுரேஷ் கனகராஜா, தன் மாணவர்கள் வெளிநாட்டு ஆங்கிலப் புத்தகத்தின் ஓரங்களில் என்ன வரைந்தார்கள், என்ன எழுதினார்கள் என்பதை உட்கார்ந்து படித்தார். அதிலிருந்து கற்றுக்கொண்டு, நான் பிள்ளைகளின் நோட்டில் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே தமிழ் எழுத்தில் ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் தமிழ், பஸ் நம்பர், நெல் மூட்டைக் கணக்கு எல்லாம் இருக்கும். வாய் மூடியிருந்தவர்களின் பேச்சு முழுக்க அங்கே இருக்கிறது.

இவ்வளவும் எழுதியதைப் படித்தால், ஊர்ப் பேச்சைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் என் கட்சி என்று தோன்றும். பல வருடம் அப்படித்தான் இருந்தேன். கோயிலில் ‘கொ’ பற்றிக் கேட்ட அந்தப் பெண்தான் அதை உடைத்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எல்லோரும் ‘குடு, குடு’ என்று ஒரே கும்மாளம். ராஜராஜன் பேசிய தமிழ் எங்களுடையது என்று ஒருவன் பாட்டே கட்டிவிட்டான். எனக்கும் மனம் நிறைந்திருந்தது. அவள் என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். அம்மாப்பேட்டை தாண்டும் வரைக்கும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

“மேடம், ராஜா குடுன்னு சொன்னா கல்லுல வெட்டுவாங்க. நான் சொன்னா எந்தத் தெருன்னு கேப்பாங்க.”

அவள் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அவள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்தவர்கள் மூன்றே பேர். தன் பேச்சை மாற்றிக்கொள்ள அவள் எடுத்த முயற்சியை எனக்குச் சொன்னாள். ரேடியோ கேட்டது, கண்ணாடி முன் பேசியது, ‘வந்துச்சி’யை ‘வந்தது’ ஆக்கியது. அவளுக்கு அது கூச்சத்தால் வந்த வேலை இல்லை. தன்னை வாய் திறந்த உடனே இடம் பிரித்து வைக்கும் காதுகளிடமிருந்து தப்பிக்கிற வழி அது. 1960களில் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் தமிழில் சாதிக்குச் சாதி பேச்சு எப்படி வேறுபடுகிறது என்று ஆராய்ந்து எழுதியதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன், அட்டவணை போட்டு. அந்த அட்டவணையில் இருந்து எழுந்து வந்து ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தது போல இருந்தது. அவள் பேச்சை அழகு, தொன்மை என்று நான் கொண்டாடுவது அவளுக்கு ஒரு பூட்டாகவும் ஆகும் என்று அன்றுதான் புரிந்தது.

கீழத்தஞ்சையில் இது புதிதும் இல்லை. அறுபது வயதுப் பண்ணையாளைப் பத்து வயதுப் பையன் ‘வாடா’ என்று கூப்பிட்ட ஊர்கள் இவை. நிலக்காரரை அழைக்கப் பண்ணையாளுக்கு ஒரே சொல்தான் விதித்திருந்தார்கள். அதை விட்டு வேறு சொல்லால் அழைத்தால் சவுக்கு. 1940களில் விவசாயச் சங்கம் கட்ட வந்த பி. சீனிவாசராவுக்குக் கன்னடம் தாய்மொழி. கற்றுக்கொண்ட தமிழில்தான் அவர் இந்தச் சேரிகளில் உட்கார்ந்து பேசினார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடியையும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையையும் நிறுத்தச் சொன்னது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியைப் பற்றியும் குத்தகையைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் எப்படி அழைப்பது என்பதும் அந்தப் போராட்டத்தில் இருந்தது. அந்த மக்கள் ஒரு சொல்லை வேண்டுமென்றே கைவிட்டார்கள். அதைப் பேச்சு வழக்கின் இழப்பு என்று யாராவது வருந்த முடியுமா?

அவளுக்கு இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பு அதிலிருந்தே வந்தது: மூன்று தலைமுறையில் அழைப்புச் சொற்கள். அவளே தேர்ந்தெடுத்தாள். தன் தெருவிலேயே பதிவு செய்தாள். அம்மாச்சியிடம் ஆரம்பித்தாள், எழுபது வயதுக்கு மேல் அவருக்கு. நடவுக்கும் பறியலுக்கும் போய்ப் போய் முதுகு வளைந்தவர். பேரப்பிள்ளை செல்போனை நீட்டியதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாராம்.

பதிவை எழுத்தாக்குவதில்தான் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. முதலில் எல்லாவற்றையும் எழுத்துத் தமிழாக்கிக் கொண்டுவந்தாள். ‘என் தந்தை வீட்டிற்குச் சென்றார்’ என்று. “அம்மாச்சி இப்படியா சொன்னாங்க?” என்றேன். “சொன்ன மாதிரி எழுதுனா வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் என்ன நெனப்பாரு மேடம்?” என்றாள். நான் முடிவு சொல்லவில்லை. இரண்டு விதமாகவும் ஒரு பக்கம் எழுதிப் பார், எதில் அம்மாச்சி இருக்கிறார் என்று நீயே பார் என்றேன். பத்து நாள் கழித்து வந்தாள். தன் பகுப்பாய்வு முழுவதும் தேர்ந்த ஆங்கிலம். பின்னிணைப்பில் அம்மாச்சியின் பேச்சு, மூச்சு விட்டதும் நிறுத்தியதும் உட்பட, கேட்டது கேட்டபடி.

வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “இங்க ஒரு சொல் விட்டுப்போயிருக்கே. இந்த ஆய்வுக்கு அதுதானே முக்கியம்? எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லுதானே, போட்டிருக்கலாமே.”

“அவங்க சொல்லல சார்” என்றாள். “அதான் நேரத்தை எழுதியிருக்கேன்.”

அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அந்தச் சொல்லை நானும் இங்கே எழுதவில்லை. அவள் எழுதியிருந்தது இதுதான்:

“எங்கப்பா அவங்கள (நான்கு நொடி அமைதி) அப்புடித்தான் கூப்புடுவாரு. தூரத்துல நின்னுக்கிட்டு. (மூன்று நொடி அமைதி) இப்ப எதுக்குடி அது. வாய் காயிது. அந்தச் செம்ப எடுத்துக் குடு.”